பழைய படங்களின் பட்டியல்: நெடுவரிசைக்குப் பிளகினா, நாமே எழுதுவதா?

பால்மரம்:
மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து சுற்றுவட்டார ரப்பர்த் தோட்டங்களின் பழைய புகைப்படங்களை வேர்ட்பிரஸ் மென்பொருளில் ஓடும் ஒரு தளத்தில் ஏற்றி வருகிறோம். காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக் களம், தோட்டத் தமிழ்ப்பள்ளி, காவடி, தொழிலாளர் குடியிருந்த லயத்து வாசலில் நடந்த கல்யாணம் எல்லாம் உண்டு. படங்களை வீடுகளிலிருந்து இரவல் வாங்கி, ஸ்கேன் செய்து திருப்பிக் கொடுக்கிறோம். ஆனால் நிர்வாகப் பக்கத்துப் பட்டியலில் தலைப்பும் தேதியும்தான் தெரிகின்றன. படம் யாருடையது, எந்தத் தோட்டம், எந்த ஆண்டு, திருப்பிக் கொடுத்தாயிற்றா என்று பார்க்க ஒவ்வொன்றாகத் திறக்க வேண்டும். போன மாதம் ஒரு கல்யாணப் படத்தை வேறு வீட்டில் கொடுத்துவிட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டோம். பட்டியலில் நெடுவரிசை சேர்க்கும் அட்மின் காலம்ஸ் என்ற பிளகினை (கூடுதல் வசதிக்கான துணை மென்பொருள்) போட்டால் வேலை முடிந்தது என்பது என் கட்சி. குழுவில் ஒரு தம்பி மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறான்.

இரவுப்பறவை:
அந்தத் தம்பி நான்தான். அண்ணே, நாலு நெடுவரிசைக்கு ஒரு பிளகினா? வேர்ட்பிரஸில் நம் நிரலை மாட்டிவிடும் கொக்கியான ஹூக் இரண்டு போதும். ஒன்று நெடுவரிசைத் தலைப்பைச் சேர்க்கும் ஃபில்டர், இன்னொன்று கட்டத்துக்குள் என்ன காட்டுவது என்று சொல்லும் ஆக்‌ஷன். முப்பது வரியில் முடித்துவிடுவேன். தோட்டப் பெயருக்கு அதுகூட வேண்டாம். அதை டாக்ஸானமியாக, அதாவது படங்களைப் பிரிக்கும் வகைப்பாடாகப் பதியும்போதே நிர்வாகப் பட்டியலில் காட்டும்படி அமைத்துவிட்டால் வேர்ட்பிரஸே காட்டும். பெயரைச் சொடுக்கினால் அந்தத் தோட்டத்துப் படங்கள் மட்டும் வரும். பெரிய தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற துண்டாடலில் கைமாறிப் பெயர் மாறிய தோட்டங்களைப் பழைய பெயருக்குக் கீழே அடுக்கிக்கொள்ளலாம்.

லயத்துவாசி:
முப்பது வரியை நீ எழுதுவாய் தம்பி, சரி. நாளைக்கு நீ சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டால்? எங்கள் கோயில் தளத்தில் ஒரு பிள்ளை இப்படித்தான் தளத்தின் தோற்றத்தை அமைக்கும் தீமின் ஃபங்ஷன்ஸ் கோப்பில் எழுதி வைத்தான். தீமை மாற்றினோம், நெடுவரிசை எல்லாம் போயிற்று. எழுதியவனைப் பிடிக்கவே முடியவில்லை. பிளகின் என்றால் யார் வேண்டுமானாலும் திரையைப் பார்த்து மாற்றலாம். நாளைக்கு அதை நீக்கினாலும் படத்தோடு சேமித்த விவரம் எங்கேயும் போகாது, பட்டியலில் தெரிவதுதான் நிற்கும்.

இரவுப்பறவை:
தீம் கோப்பில் எழுதியதுதான் அங்கே தப்பு. வேர்ட்பிரஸ் தானாகவே ஏற்றிக்கொள்ளும் எம்யூ-பிளகின்ஸ் அடைவில் போட்டிருந்தால் தீம் மாறினாலும் அசையாது. யாரும் கை தவறி அணைக்கவும் முடியாது.

லயத்துவாசி:
அணைக்க முடியாது என்பதைப் பெருமையாகச் சொல்கிறாயே. பிழை வந்து தளம் வெள்ளையாக நின்றால் சர்வருக்குள் நுழைந்து கோப்பை எடுக்க எங்களில் யாருக்குத் தெரியும்?

பழைய கிராணி:
இரண்டு பேருமே வேகத்தை மறந்துவிட்டீர்கள். பக்கத்துக்கு 20 படம், நாலு நெடுவரிசை, ஆக 80 முறை தரவுத்தளத்தைத் தட்ட வேண்டும். நம்முடைய மலிவு சர்வர் தாங்குமா?

இரவுப்பறவை:
அப்படி நடக்காது ஐயா. பட்டியலை எடுக்கும்போதே அந்தப் பக்கத்துப் பதிவுகளின் மெட்டா விவரம் (ஆண்டு, இரவல் தந்தவர் என்று பதிவோடு சேமிப்பவை) முழுவதையும் வேர்ட்பிரஸ் ஒரே தடவையில் எடுத்துக் கையில் வைத்துக்கொள்ளும். கட்டத்துக்குக் கட்டம் நாமே புதிதாக எதையாவது தேடினால்தான் தட்டல் பெருகும். வரிசைப்படுத்துவது வேறு கதை. மெட்டா மதிப்புக்குத் தேடலை வேகமாக்கும் இன்டெக்ஸ் கிடையாது. ஆனால் நம்மிடம் இருக்கும் சில நூறு படத்துக்கு அது உறைக்காது.

பால்மரம்:
சரி, சண்டையை நிறுத்துங்கள். தம்பி எழுதியதைப் போட்டுப் பார்த்தோம். நெடுவரிசைகள் அழகாக வந்தன. ஆண்டைச் சொடுக்கி வரிசைப்படுத்தினால் பாதிப் படத்தைக் காணோம்! விவரம் ஏற்றும் அக்கா, தான்தான் அழித்துவிட்டோமோ என்று ராத்திரி பத்து மணிக்குப் போன் போடுகிறார்.

பழைய கிராணி:
எதுவும் அழியவில்லை, அக்காவைத் தூங்கச் சொல்லுங்கள். ஆண்டு என்ற மெட்டா சாவியை (விவரத்தின் பெயர்) வைத்து வரிசைப்படுத்தினால், அந்தச் சாவியே இல்லாத பதிவுகள் பட்டியலிலிருந்து விழுந்துவிடும். சாவி இல்லாதவையும் வரட்டும் என்று வினவலில் ஒரு நிபந்தனை சேர்க்க வேண்டும். தம்பி அதை விட்டிருக்கிறார்.

அதைவிடப் பெரிய சிக்கல் உங்கள் ஆண்டுக் கட்டத்தில் இருக்கிறது. உள்ளே எட்டிப் பார்த்தேன்: ‘சுமார் 1955’, ‘1948க்கு முன்’, ‘அவசரகாலத்துக்கு முன்’. நம் ஊரில் வேறு எப்படிச் சொல்வார்கள்? 1948 ஜூன் 16 அன்று இந்த வட்டாரத்தில் தோட்டத் துரைமார் மூவர் சுடப்பட்ட பிறகு பிரிட்டிஷ் ஆட்சி கொண்டுவந்ததுதானே அவசரகாலம். பெரியவர்களுக்கு அதுதான் நாள்காட்டி. ஆனால் எண்ணாக வரிசைப்படுத்தும்போது ‘1948க்கு முன்’ என்பது 1948 ஆகும். எழுத்தில் தொடங்கும் மற்ற இரண்டும் 0 ஆகிப் பட்டியலின் ஓர் ஓரத்துக்குப் போய்விடும். பிளகின் போட்டாலும் இது தீராது. காட்டுவதற்கு ஒரு கட்டம், வரிசைக்கு வெறும் எண் மட்டும் இன்னொரு கட்டம், இரண்டும் வேண்டும். தோட்டத்தில் செக்ரோல் (வேலையாட்களின் வருகைப் பதிவேடு) எழுதிய காலத்திலும் பேருக்கு ஒரு கட்டம், நாள் கணக்குக்கு ஒரு கட்டம் என்றுதான் வைத்திருந்தோம்.

இரவுப்பறவை:
நிபந்தனை விட்டது என் தப்புதான். இப்போது சேர்த்துவிட்டேன்.

லயத்துவாசி:
ஒன்று கேட்கிறேன். அக்கா போனில்தானே வேலை செய்கிறார்? 782 பிக்சலுக்குக் குறைந்த திரையில் முதன்மை நெடுவரிசை மட்டும்தான் தெரியும், மற்றவை அம்பைத் தட்டினால்தான் விரியும். அப்படியானால் இவ்வளவு நேரம் நாம் யாருக்காகச் சண்டை போட்டோம்?

இரவுப்பறவை:
நெத்தியடி. முதன்மை எது என்று மாற்ற ஒரு ஃபில்டர் இருக்கிறது. தலைப்புக்குப் பதிலாக இரவல் தந்தவர் பெயரை முதன்மையாக்குகிறேன். ‘திருத்து’ இணைப்பும் அதன் கீழேயே வந்துவிடும்.

பால்மரம்:
அக்காவிடம் கொடுத்துப் பார்த்தோம், பிடித்திருக்கிறது. பட்டியலிலேயே தட்டித் தேதியை மாற்ற முடியாதா என்று இப்போது கேட்கிறார். அந்த வசதி அட்மின் காலம்ஸின் கட்டணப் பதிப்பில் இருக்கிறது. வருடாவருடம் வெள்ளி (ரிங்கிட்) கட்ட வேண்டும் என்பதால் அதைக் கோப்பிக்கடையில் பேசிக்கொள்வோம். ‘திருப்பிய தேதி’ கட்டம் காலியாக இருக்கும் படங்கள் 11 என்று இன்றுதான் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை வண்டி வைத்திருப்பவர் யாராவது வருகிறீர்களா?