ஓட்டு வீட்டில் ஊன்றுகோலுடன் நடமாடுவது எப்படி? நிலைப்படி, முற்றம், கொல்லைப்புறக் கழிப்பறை

குடமுருட்டிக்கரை (பாபநாசம் பக்கம்) கேட்டது:

ஐப்பசி அடைமழையில் வரப்பு வழுக்கி விழுந்ததில் எனக்கு வலது காலில் முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து, பிளேட் வைத்து அறுவை சிகிச்சை செய்திருக்கிறார்கள். அடுத்த எக்ஸ்ரே பார்க்கும்வரை அந்தக் காலைத் தரையில் ஊன்றவே கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லி, கக்கத்தில் வைத்து நடக்கும் கட்டைகள் இரண்டைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார். மருத்துவமனையின் சமதளமான நடையில் நடந்து காட்டியபோது எளிதாகத்தான் இருந்தது. எங்கள் வீடோ பழைய ஓட்டு வீடு. தெருவிலிருந்து திண்ணைக்கு ஏறப் படிகள், பிறகு ரேழி, கூடம், நடுவில் திறந்த முற்றம், அதைச் சுற்றித் தாழ்வாரம். ஒவ்வோர் அறை வாசலிலும் ஏறக்குறைய ஒரு சாண் உயரத்துக்கு நிலைப்படி. கழிப்பறை கொல்லைப்புறத்தில் இருக்கிறது, அதுவும் குந்தி உட்காரும் வகை. சாரலடித்தால் தாழ்வாரம் முழுவதும் நனைந்துவிடுகிறது.

இரண்டு கக்கமும் புண்ணாகி வலிக்கின்றன. சில நேரம் பெருவிரல் பக்கமாகப் புறங்கை மரத்துப்போகிறது. ஒரு தம்ளர் காப்பியைக்கூட நானாக எடுத்துக்கொண்டு போய் உட்கார முடியவில்லை. இப்படிப்பட்ட வீட்டில் இதே நிலையில் இருந்து மீண்டவர்கள் எப்படிச் சமாளித்தீர்கள் என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

இயன்முறை_கும்பகோணம் எழுதியது:

ஐயா, மற்றதையெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். புறங்கை மரத்துப்போவதை முதலில் கவனியுங்கள். கக்கத்தின் வழியாகக் கைக்கு இறங்கும் நரம்பு கட்டையின் மேல்முனையில் நசுங்குவதால்தான் பெரும்பாலும் இப்படி ஆகிறது. அப்படியே விட்டால் மணிக்கட்டை நிமிர்த்த முடியாமல் கை தொங்கிப்போகும் அளவுக்கு வரக்கூடும் என்பதால், அடுத்த முறை செல்லும்வரை காத்திராமல் உங்கள் மருத்துவரிடம் இப்போதே தெரிவித்துவிடுங்கள்.

உடல் எடை இறங்க வேண்டிய இடம் உள்ளங்கை. கக்கத்தில் இருக்கும் மெத்தை, விலாவோடு அணைத்துப் பிடிப்பதற்கு மட்டுமே. வெளியே போட்டுக்கொள்ளும் செருப்போடு நிமிர்ந்து நின்று பாருங்கள்: கட்டையின் மேல்முனைக்கும் கக்கத்துக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் நுழையும் இடைவெளி இருக்க வேண்டும், கையைத் தளரத் தொங்கவிட்டால் மணிக்கட்டு மடிப்பு எங்கே வருகிறதோ அங்கே கைப்பிடி இருக்க வேண்டும், பிடிக்கும்போது முழங்கை 20 முதல் 30 பாகை வரை மடங்கியிருக்க வேண்டும். அலுமினியக் கட்டையானால் பக்கத்துத் துளைகளில் உள்ள குமிழை அழுத்தியும், மரக்கட்டையானால் திருகைக் கழற்றியும் உயரத்தை மாற்றலாம். பலர் வலிக்கிறது என்று மேலே துண்டைத் தடிமனாகச் சுற்றிக்கொள்கிறார்கள். மெத்தென்று இருப்பதால் இன்னும் சாய்ந்து தொங்கத்தான் அது வழிசெய்கிறது. சுற்றுவதென்றால் கைப்பிடியில் சுற்றுங்கள்.

படி ஏறும்போது இரண்டு கட்டைகளையும் கீழ்ப்படியில் அழுத்திக்கொண்டு நல்ல காலை முதலில் மேலே வைத்து, பிறகு கட்டைகளை எடுத்துக்கொள்ள வேண்டும். இறங்கும்போது கட்டைகளை முதலில் கீழ்ப்படியில் வைத்து, அடிபட்ட காலை முன்னால் நீட்டியபடி நல்ல காலைக் கடைசியாக இறக்க வேண்டும். திண்ணைப் படிக்கு இதுகூடத் தேவையில்லை: படியில் முதுகைக் காட்டி உட்கார்ந்து, கையூன்றிப் பின்னோக்கி ஒவ்வொரு படியாக நகர்ந்து திண்ணைக்குப் போய்விடலாம். பார்க்க நன்றாக இராது, ஆனால் விழ வாய்ப்புக் குறைவு. நிலைப்படியை மிதிக்காமல், அதற்கு அப்பால் கட்டைகளை ஊன்றித் தாண்டுங்கள். பழைய நிலைகள் உயரம் குறைந்தவை. தாண்டும்போது உடம்பு ஓர் எம்பு எம்பும் என்பதால் தலை மேற்சட்டத்தில் இடிக்கும். குனிந்துகொண்டே தாண்டிப் பழகுங்கள்.

கெண்டைக்கால் திடீரென்று வீங்கி, இறுகி, வலித்தால் அது கட்டையால் வந்த அசதி என்று எண்ணி எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்க வேண்டாம். இரத்தம் உறைந்திருக்கலாம், அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ உடனே 108-ஐ அழையுங்கள்.

மன்னை_ஆசிரியை எழுதியது:

என் மாமியார் கணுக்கால் முறிந்து இதே மாதிரி வீட்டில் இருந்தார். ஆளுக்கு வித்தை கற்றுக்கொடுப்பதைவிட வீட்டை மாற்றுவதே எளிது என்பது என் கருத்து. அவர் தேறும்வரை வாழ்க்கை முழுவதையும் கூடத்துக்கும் ரேழிக்குமாகச் சுருக்கிவிட்டோம். கட்டிலைக் கூடத்துக்குக் கொண்டுவந்தோம், மிதியடிகளையும் சாக்குகளையும் சுருட்டி எடுத்துவிட்டோம், தாழ்வாரத்தில் சாரல் படும் பக்கம் மூங்கில் தட்டி கட்டினோம், பாசி பிடித்த இடத்தில் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தென்னந்துடைப்பத்தால் தேய்த்துவிட்டோம்.

கழிப்பறைக்கு மருந்துக்கடையில் கிடைக்கும் இரும்புச் சட்ட நாற்காலியை வாங்கிப் பழைய கோப்பையின் மேலேயே வைத்துக்கொள்ளலாம். பிளாஸ்டிக் நாற்காலியில் ஓட்டை போட்டுத் தருகிறேன் என்று யாராவது வருவார்கள்; ஈரத்தில் அதன் கால் விரியும், வேண்டாம். இரவில் கொல்லைக்குப் போகாதீர்கள், கட்டிலருகில் பாத்திரம் வைத்துக்கொள்வதில் ஒரு வெட்கமும் இல்லை. குளிக்கும்போது முக்காலியில் உட்கார்ந்து, கட்டுப்போட்ட காலை நெகிழிப் பையால் மூடி, தண்ணீர் படாமல் இன்னொரு முக்காலியில் நீட்டிக்கொள்ளுங்கள்.

காப்பிக்குத் தம்ளரை மறந்துவிடுங்கள். திருகுமூடி போட்ட பிளாஸ்க்கில் ஊற்றி, குறுக்கே மாட்டிய ஜோல்னாப் பையில் வைத்துக்கொண்டு போய், உட்கார்ந்த இடத்தில் ஊற்றிக் குடிக்கலாம். கைபேசி, மாத்திரை, கண்ணாடி எல்லாம் அந்தப் பையிலேயே இருக்கட்டும். வேட்டி கட்டுபவராக இருந்தால் இப்போதைக்கு அரைக்கால் சட்டைக்கு மாறிக்கொள்ளுங்கள். மடித்துக் கட்டிய வேட்டி அவிழ்ந்து நுனி கட்டைக்கடியில் மாட்டிக்கொண்டால், இரண்டு கையும் கட்டையில் இருக்கும்போது அதை எடுத்துவிட மூன்றாவது கை கிடையாது.

விடியற்காலையில் வாசல் தெளித்துக் கோலம் போட்ட ஈரம் காயும்வரை தெருப்பக்கம் போக வேண்டாம்.

வெட்டாற்றான் எழுதியது:

இவ்வளவு சிரமம் எதற்கு? வாக்கர் ஒன்று வாங்கிவிடுங்கள். நான்கு கால் உள்ளது, சாயவே சாயாது. என் பெரியப்பா அதில்தான் நடந்தார்.

இயன்முறை_கும்பகோணம் எழுதியது:

சமதளமான கூடத்துக்குள் வாக்கர் நல்லதுதான், வயதானவர்களுக்கு நானே அதைத்தான் பரிந்துரைப்பேன். ஆனால் ஒரு சாண் நிலைப்படியில் அதன் நான்கு கால்களும் ஒரே மட்டத்தில் நிற்காது. இரண்டு கால் உள்ளேயும் இரண்டு கால் வெளியேயுமாக வைத்து எம்பும்போதுதான் பலர் விழுகிறார்கள். கூடத்துக்கு வாக்கர், வாசல் தாண்டக் கட்டை என்று இரண்டையும் வைத்துக்கொள்ளலாம்.

கட்டையின் அடியில் உள்ள ரப்பர் புஷ்ஷைத் திருப்பிப் பாருங்கள்: வரிகள் தேய்ந்து மழமழவென்று ஆகியிருந்தால் உடனே மாற்றிவிடுங்கள். ஈரப் புஷ்ஷும் சிவப்பு சிமெண்ட் தரையும் சேர்ந்தால் சறுக்கும் என்பதால், வெளியிலிருந்து வந்ததும் நிலைப்படிக்கு வெளியிலேயே நின்று யாரையாவது துடைத்துவிடச் சொல்லுங்கள்.

குடமுருட்டிக்கரை எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. கட்டையின் உயரத்தை ஒரு துளை குறைத்ததும், கக்கத்துக்கும் கட்டைக்கும் நடுவே விரல் நுழைகிறது. கை மரத்துப்போவதைப் பற்றி மருத்துவரிடமும் தொலைபேசியில் சொல்லிவிட்டேன். இன்னொன்று: சம்பாப் பயிருக்கு உரம் போடும் நேரம் இது. வரப்பு வரைக்குமாவது கட்டையோடு போய்வர வழியுண்டா?

மன்னை_ஆசிரியை எழுதியது:

வயலுக்கு மட்டும் வேண்டாம் ஐயா. நம் களிமண் மழைக்காலத்தில் கட்டையை உள்ளே வாங்கிக்கொள்ளும். இழுத்தால் புஷ் சேற்றிலேயே தங்கிவிடும், வெறும் குழாய்தான் கைக்கு வரும். தார்ச்சாலை ஓரத்தில் ஆட்டோவை நிறுத்தி, அதில் காலை நீட்டி உட்கார்ந்தபடியே ஆட்களிடம் வேலை சொல்லுங்கள். நகரப் பேருந்தின் முதல் படி உயரம் அதிகம், அதையும் இப்போதைக்குத் தவிர்த்துவிடுங்கள்.

இயன்முறை_கும்பகோணம் எழுதியது:

அதையே நானும் சொல்கிறேன். வெளியே வருவது கடினமென்றால், 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறைச் சிகிச்சை அளிக்க ஏற்பாடு உண்டு. உங்கள் ஊர் துணை சுகாதார நிலையத்துச் செவிலியரிடம் பெயரைக் கொடுத்து, மருத்துவமனையில் தந்த சீட்டையும் எக்ஸ்ரேயையும் காட்டுங்கள். காலை எப்போது, எவ்வளவு எடையோடு ஊன்றலாம் என்பதை மட்டும் அறுவை சிகிச்சை செய்த மருத்துவரே சொல்ல வேண்டும்.