கார்டு, பர்சனல் லோன், ஆப் கடன்: கையில் 45,000 மட்டும் இருக்கும்போது செட்டில்மென்ட் பேசுவது எப்படி?

பொன்மலை:
கைக்கு வரும் சம்பளம் 27,000. வாடகை, மளிகை, பள்ளிக் கட்டணம், போக்குவரத்து எல்லாம் போக மாதம் 7,500 மிஞ்சும். கடன் மூன்று இடத்தில்: கிரெடிட் கார்டு நிலுவை 1,32,000 (மாத வட்டி 3.5%), வேறு வங்கியில் பர்சனல் லோன் அசல் 1,80,000 (16%, தவணை 8,200), ஆப் மூலம் ஒரு என்பிஎஃப்சி-யில் (வங்கி அல்லாத நிதி நிறுவனம்) 30,000. மூன்றிலும் நான்கு மாதமாகத் தவணை போகவில்லை. அடமானம், ஜாமீன்தாரர் கிடையாது. சீட்டு எடுத்த பணம் 45,000 கையில் இருக்கிறது. யாரிடம் முதலில் பேசுவது, எவ்வளவு சொல்வது, எழுத்தில் என்ன வாங்குவது?

வரவுசெலவு:
45,000-ஐ மூணு பேருக்கும் பிரிச்சுக் கொடுத்துடாதீங்க. மூணு கடனும் அப்படியே நிக்கும், பணம் மட்டும் கரைஞ்சிடும்.

கார்டுதான் முதல்ல. 1,32,000-க்கு 3.5% வட்டி 4,620. அதுக்கு 18% ஜிஎஸ்டி 832. ஆக மாசம் 5,452, தாமதக் கட்டணம் தனி. உங்க 7,500-ல முக்கால்வாசி அங்கேயே போயிடும், அசல்ல ஒரு ரூபாய் குறையாது.

செட்டில்மென்ட், அதாவது ஒரு பகுதியைக் கட்டி மீதியைத் தள்ளுபடி செய்யச் சொல்றது, இந்தக் கார்டுக்கு மட்டும் கேளுங்க. உச்சவரம்பை முதல்லயே எழுதி வெச்சுக்கோங்க: 45,000, அடுத்த ரெண்டு மாசம் 6,000 வீதம், மொத்தம் 57,000. அதுக்கு மேல சம்மதிச்சா மூணாவது மாசம் தவறும். பேச்சை 35,000-ல ஆரம்பிங்க. கையில எவ்வளவு இருக்குன்னு வங்கியோட வசூல் ஏஜென்ட் கேட்பாங்க. 45,000-ஐச் சொல்லிட்டா அதுதான் அவங்களுக்குத் தொடக்கப்புள்ளி ஆகிடும். இவ்வளவு சதவீதம் தள்ளுபடி கிடைக்கும்னு நிலையான கணக்கு எதுவும் இல்லை. ஒரே தவணையா கட்டுறேன்னு சொன்னா அதிகம் இறங்குவாங்க. பல தவணை கேட்டா தொகை ஏறும். மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பர் கடைசி வாரங்கள்ல பேசிப் பாருங்க, காலாண்டு வசூல் கணக்கு முடிக்கிற நேரம் அது.

போன் ஏஜென்டுக்கு ஒப்புதல் தர்ற அதிகாரம் கிடையாது. அதனால வங்கியோட குறைதீர்ப்பு மின்னஞ்சலுக்கு நீங்களே எழுதுங்க. மாத வருமானம், கட்டாயச் செலவு, தர முடிஞ்ச தொகை, எந்தத் தேதிக்குள்ள, இந்த நாலும் போதும். சம்பளச் சீட்டை இணைங்க. மருத்துவச் செலவு இருந்தா பில்லும். கண்ணீர்க்கதையைவிட ரசீது நல்லா பேசும்.

பர்சனல் லோனுக்கு செட்டில்மென்ட் கேட்காதீங்க. மீதி அசலை 48 மாசத்துக்கு நீட்டித் தரச் சொல்லுங்க. 16%-ல தவணை சுமார் 5,100 வரும். 36 மாசம்னா 6,330. நாலு வருஷத்துக்கு இழுத்தா வட்டி கிட்டத்தட்ட 17,000 கூடும். ஆனா உங்க 7,500-க்குள்ள மூச்சு விட இடம் இருக்கும், மிச்சம் 2,400-ல ஆப் கடனை, வட்டியைச் சேர்க்காம கணக்குப் போட்டா, பதிமூணு மாசத்துல அடைக்கலாம். கார்டு முடியிற வரைக்கும், அதாவது முதல் ரெண்டு மாசம், இந்த ரெண்டுக்கும் பணம் இருக்காது. அதை மறைக்காம இப்பவே ரெண்டு பேருக்கும் எழுதிடுங்க.

இன்னொண்ணு, சம்பளக் கணக்கு கடன் இருக்கிற அதே வங்கியில இருந்தா உடனே மாத்துங்க. நிலுவைக்குன்னு அந்த வங்கி சேமிப்புக் கணக்குலேர்ந்தே எடுத்துக்கலாம்.

நிலுவைச்சீட்டு:
கடிதம் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பெரும்பாலான செட்டில்மென்ட் கெடுவது இங்கேதான். கார்டு அல்லது கணக்கு எண், ஒப்புக்கொண்ட தொகை, ஒவ்வொரு தவணையின் தேதி, பணம் கட்டவேண்டிய கணக்கு விவரம், “இத்தொகை செலுத்தியதும் மீதி முழுவதும் தள்ளுபடி, வேறு கோரிக்கை இல்லை” என்ற வரி, என்ஓசி (பாக்கி இல்லை என்ற சான்று) தரும் காலம், கொடுத்திருந்தால் காசோலைகளைத் திருப்பும் உறுதி, நடந்துகொண்டிருந்தால் வழக்கு வாபஸ். இவை எல்லாம் வங்கியின் லெட்டர்ஹெட்டில், வங்கியின் சொந்த மின்னஞ்சல் முகவரியிலிருந்து வர வேண்டும். வாட்ஸ்அப் படம் கடிதம் ஆகாது. வந்த கடிதத்தை வாடிக்கையாளர் சேவையிலோ கிளையிலோ காட்டி உறுதிசெய்யுங்கள்.

தேதி மிக முக்கியம். ஒரு நாள் தவறினாலும் சலுகை ரத்து என்று கடிதத்திலேயே இருக்கும். கட்டிய பணம் பழைய நிலுவையில் கழியும், மீதி முழுவதும் உயிர்பெறும். கடைசி நாளுக்கு மூன்று நாள் முன்பே கட்டுங்கள்.

கடன் வரலாற்றைப் பதிந்து வைக்கும் சிபிலில் ‘செட்டில்டு’ (ஒரு பகுதி கட்டி முடித்தது) என்று பதியும், ‘குளோஸ்டு’ (முழுதும் கட்டி முடித்தது) அல்ல. அந்தத் தகவல் குறைந்தது ஏழு ஆண்டு வைத்திருக்கப்படும். ரிசர்வ் வங்கியின் 2023 ஜூன் விதிப்படி, செட்டில் செய்த அதே நிறுவனம் குறைந்தது 12 மாதம் புதுக்கடன் தரக்கூடாது (விவசாயக் கடனுக்கு இந்தக் கால அளவு வேறு). ஓரிரு ஆண்டில் வீட்டுக்கடன் வாங்கும் எண்ணம் இருந்தால், கார்டு நிலுவையையும் தவணையாக மாற்றித் தரச் சொல்லி முதலில் கேளுங்கள். வட்டி பாதிக்கும் கீழே இறங்க வாய்ப்புண்டு.

அறுகால்:
என்னைக் கேட்டால் எதுவும் கட்ட வேண்டாம். மூன்று வருடம் போனால் கடன் காலாவதி. அதற்குப் பிறகு அவர்களே பத்தாயிரத்துக்கு வருவார்கள்.

நீதிமன்ற வளாகம்:
அறுகால் சொல்வதை நம்பி இருந்துவிடாதீர்கள். வழக்குப் போட மூன்று ஆண்டு வரம்பு உண்டு, உண்மை. ஆனால் அந்த மூன்று ஆண்டுக்குள் நீங்கள் கையெழுத்திட்டு எழுத்தில் நிலுவையை ஒப்புக்கொண்டாலோ, அதை அங்கீகரிக்கும்படி ஒரு பகுதி கட்டினாலோ கணக்கு புதிதாகத் தொடங்கும். வங்கி அதுவரை சும்மாவும் இராது. இங்கே தவறி நான்கு மாதம்தான் ஆகிறது.

தெரிந்துகொள்ள வேண்டியவை சில. கடன் கட்டாதது மட்டும் குற்றமல்ல, அதற்குக் கைது கிடையாது. காசோலையோ ஆட்டோ டெபிட்டோ பணமில்லாமல் திரும்பியது வேறு விஷயம், அதற்குக் குற்ற வழக்கு வரலாம். காசோலைக்கு மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-வது பிரிவு, ஆட்டோ டெபிட்டுக்கு 2007-ம் ஆண்டின் பணம் செலுத்துதல் மற்றும் தீர்வு முறைகள் சட்டத்தின் 25-வது பிரிவு. இந்தப் பிரிவுகளில் பணம் கேட்டு வரும் நோட்டீஸ் கிடைத்த நாளிலிருந்து 15 நாளுக்குள் தொகையைக் கட்டினால் வழக்கு எழாது. தபாலில் வரும் நோட்டீஸை வாங்காமல் திருப்பி அனுப்பாதீர்கள்.

சிவில் தீர்ப்பு இல்லாமல் சம்பளத்தைப் பிடிக்க முடியாது. தீர்ப்பு வந்தாலும் முதல் 1,000 ரூபாயையும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கையும் தொடக்கூடாது. சம்பளம் 27,000 என்றே வைத்தால் பிடிக்கக்கூடியது சுமார் 8,666. பேசும்போது இந்த எண் மனதில் இருக்கட்டும்.

மக்கள் நீதிமன்ற நோட்டீஸ் வந்தால் போங்கள். கட்டணம் இல்லை, தவணையும் கேட்கலாம். அங்கே கையெழுத்திட்டால் அது நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. ஆகவே கட்ட முடியாத தொகைக்குச் சம்மதிக்காதீர்கள். போலி நோட்டீஸும் சுற்றுகிறது. மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் எண்ணைச் சொல்லிச் சரிபாருங்கள்.

வசூல் அழைப்பு காலை 8 மணிக்கு முன்போ இரவு 7 மணிக்குப் பின்போ வந்தால், அல்லது உறவினரிடம் பேசி அவமானப்படுத்தினால், தேதி நேரத்தோடு வங்கிக்கு எழுதுங்கள். 30 நாளில் சரியான பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கி ஒம்புட்ஸ்மேனுக்கு (குறைதீர்ப்பாளர்) இலவசமாகப் புகார் செய்யலாம்; உதவி எண் 14448.

பொன்மலை:
நன்றி. கார்டு ஏஜென்ட் இப்போது 52,000-க்குச் சம்மதம் என்கிறார். இன்றே 5,000 டோக்கன் ஜிபே செய்தால் நாளை கடிதம் வருமாம்.

வரவுசெலவு:
போடாதீங்க. கடிதம் இல்லாம போற 5,000 சாதாரண வரவா நிலுவையில கழியும், 52,000-ல சேராது. அவரோட சொந்த எண்ணுக்குப் போனா வங்கிக்கே வராது. இன்னைக்கே வங்கிக்கு ஒரு மெயில் போடுங்க: “உங்கள் பிரதிநிதி இன்று தொலைபேசியில் 52,000 என்றார். 45,000 கடிதம் கிடைத்த மூன்று நாளில், 7,000 அடுத்த மாதம் 5-ம் தேதிக்குள் கட்டத் தயார். கடிதம் அனுப்பவும்.” ஏஜென்ட் பேரு, பேசின நேரம் ரெண்டும் அதுல இருக்கட்டும். உங்க 57,000 வரம்புக்குள்ளதான் இருக்கு, கடிதம் வந்தா எடுத்துக்கோங்க.

நிலுவைச்சீட்டு:
கட்டி முடித்து என்ஓசி வாங்கியபின் 45 நாள் கழித்து சிபில் அறிக்கையை எடுத்துப் பாருங்கள். ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கை இலவசம். சிபில் போன்ற மற்ற நிறுவனங்களான எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், சிஆர்ஐஎஃப் ஹைமார்க் மூன்றிலும் அப்படியே. நிலுவை பூஜ்யம் என்று இல்லாவிட்டால் என்ஓசியை இணைத்துத் திருத்தம் கேளுங்கள். 30 நாள் தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உங்களுக்கு உண்டு.