மட்ச் முடிஞ்சு வீட்டை போய்ச் சேருறது எப்பிடி? – துரையப்பா விளையாட்டரங்கு, அனுபவப் பகிர்வு

புல்லுக்குளத்தடி

யாழ்ப்பாணத்துத் துரையப்பா விளையாட்டரங்குக்கு உதைபந்தாட்டம் பாக்கப் போறது ஒருத்தருக்கும் பெரிய வேலையில்லை. மணிக்கூட்டுக் கோபுரம், நூலகம், முனியப்பர் கோயில், கோட்டை எல்லாம் ஒரே சுற்றாடலுக்குள்ளை. ஆரைக் கேட்டாலும் கை காட்டுவினம். வில்லங்கம் எல்லாம் திரும்பி வாறதிலைதான். அதாலை இங்கை எழுதிற ஆக்கள் (ஒவ்வொரு பதிவுக்கும் மேலை இருக்கிறது எழுதினவரின்ரை புனைபெயர்) திரும்பி வாற வழியை முதல் எழுதுங்கோ, போற வழியைப் பிறகு பாப்பம். "நான் போன இடத்திலை என்ன நடந்தது தெரியுமோ" எண்ட கதையள் வேண்டாம். மற்றவைக்குப் பிரயோசனப்படுகிற கணக்கும் இடமும் போதும்.

தொடக்கி வைக்கிறன். 4 மணிக்கு மட்ச் எண்டு நோட்டீசிலை கிடந்தால் 45, 15, 45 எண்டு கூட்டி 5.45 எண்டு நினைக்கப்படாது. இரண்டு பாதியிலையும் கூட்டிற நிமிசங்களைச் சேர்த்தால் 5.55. இறுதியாட்டம் சமநிலையிலை நிண்டால் மேலதிக நேரம் 30 நிமிசம், இடையிலை மூச்சு வாங்கிற நேரம், பிறகு பனால்டி 15 நிமிசம். அதோடை 6.50 ஆகும். கிண்ணம் குடுக்கிறது, பேச்சு, படமெடுப்பு எண்டு இன்னொரு அரை மணித்தியாலம். பிரதம விருந்தினர் பிந்தி வந்தால் (வருவார்) எல்லாத்தையும் அரை மணித்தியாலம் தள்ளுங்கோ. ஆகவே இறுதியாட்டம் எண்டால் வெளியிலை வாற நேரம் 8 மணி எண்டு வைச்சுத்தான் பஸ்ஸோ ரயிலோ பாக்க வேணும். கார்த்திகையிலை இங்கை 5.50க்கே பொழுதுபட்டிடும். ஆடியிலை 6.35 மட்டும் வெளிச்சம் இருக்கும். லைற் இல்லாத சைக்கிள்காரருக்கு இந்த முக்கால் மணித்தியாலம் பெரிய வித்தியாசம்.

வல்லைவெளி

வடமராட்சி (பருத்தித்துறை, நெல்லியடிப் பக்கம்) ஆக்களுக்கு. 750 இலக்க பஸ்ஸிலை வந்து பஸ் ஸ்ராண்டிலை இறங்கினால் அரங்குக்கு நடைதான், பத்துப் பன்ரண்டு நிமிசம். வைத்தியசாலை வீதியாலை மேற்கை போனால் வெளி தெரியும். ஓட்டோ பிடிக்கிறது வீண் காசு.

திரும்பிறதுக்கு ஒரு விசயம். பஸ்ஸாலை இறங்கின கையோடை நேரக்கணிப்பாளரிட்டைப் போய்க் கேளுங்கோ: "அண்ணை, இண்டைக்குக் கடைசி எத்தினை மணிக்கு? இலங்கைப் போக்குவரத்துச் சபை (இ.போ.ச.) பஸ்ஸோ மினிபஸ்ஸோ?" இரண்டையும் கேக்க வேணும். மினிபஸ் ஆக்கள் சனம் இல்லையெண்டால் கடைசி ஓட்டத்தை விட்டிடுவினம். இ.போ.ச.வும் பஸ் பழுது எண்டால் நிக்கும். ஞாயிறிலையும் போயா (பூரணை) நாளிலையும் ஓட்டம் குறைவு, மட்ச் வைக்கிறதும் கூடுதலாய் அந்த நாளிலைதான். எனவே கடைசி பஸ்ஸை உங்கட பஸ்ஸாய் எடுக்காதேங்கோ. அதுக்கு முதல் பஸ்தான் உங்கட பஸ். கடைசியானது கைகாவலுக்கு.

நல்லூர்த் திருவிழா 25 நாளும் இன்னொரு கணக்கு. கோயிலடியிலை பருத்தித்துறை வீதியை மறிச்சுப் போடுவினம், பஸ் சுத்திப் போகும். வரேக்கையும் போகேக்கையும் 20 நிமிசம் கூட்டி வையுங்கோ. பின்னேரப் பூசைச் சனமும் மட்ச் சனமும் ஒரே பஸ்ஸிலை ஏறும், அதனாலை நிக்கிறதுக்கு ஆயத்தமாய் வாங்கோ. மாத்தின காசு வைச்சிருங்கோ. நெரிசலுக்குள்ளை கொண்டக்டருக்குப் பெரிய தாளை நீட்டினால் மிச்சம் வாங்க நெல்லியடி மட்டும் அவரைத் தேட வேணும்.

பின்சில்லு

சைக்கிள் ஆக்களுக்கு நான் எழுதுறன். நாலைஞ்சு மைலுக்குள்ளை இருக்கிறவைக்கு இதைவிட நல்ல வழி இல்லை. மட்ச் விட்ட சனத்துக்குள்ளாலை கார் நகராது, சைக்கிளை உருட்டிக் கொண்டு ஒழுங்கைக்குள்ளை இறங்கிப் போயிடலாம்.

விடுகிற இடம் முக்கியம். பெரிய ஆட்டங்களுக்குப் பக்கத்துக் காணிகளிலை சைக்கிள் பாதுகாப்பு வைப்பினம். துண்டு இரண்டாய்க் கிழிச்சு ஒண்டைக் கான்டிலிலை கட்டுவினம், மற்றது உங்களிட்டை. அந்தத் துண்டைச் சேட்டுப் பொக்கற்றுக்குள்ளை வைக்காதேங்கோ. கோல் அடிக்கேக்கை துள்ளினால் அது புல்லுக்குள்ளை. துலைஞ்சால் கடைசி சைக்கிள் போகுமட்டும் நிக்க வேணும், ஏனெண்டால் அவர் மிச்சமாய் நிக்கிறதை வைச்சுத்தான் உங்கடையை நம்புவார். போனிலை துண்டையும் சைக்கிளையும் சேர்த்து ஒரு படம் எடுத்தால் அந்தப் பிரச்சினை இல்லை. பிறேம் நம்பரும் தெரிஞ்சிருந்தால் இன்னும் நல்லம். காப்புப் பூட்டு மட்டும் போதாது, சைக்கிளைத் தூக்கிக் கொண்டு போகலாம். சங்கிலி போட்டு மற்றச் சைக்கிளோடையோ கம்பியோடையோ சேர்த்துப் பூட்டுங்கோ. ஆனால் தெரியாத ஆளின்ரை சைக்கிளோடை பூட்டிப் போட்டு இடைவேளைக்கு வெளியிலை போனால் பேச்சுக் கேக்க வேண்டி வரும்.

டைனமோ லைற் நிண்டால் அணையும். சனத்துக்குள்ளை உருட்டுகிற நேரம் பின்னாலை வாற மோட்டார் சைக்கிளுக்கு நீங்கள் தெரியமாட்டியள். பற்றரியிலை வேலை செய்யிற சிவப்பு லைற் ஒண்டைப் பின்சீற்றுக்குக் கீழை கட்டுங்கோ. லைற் இல்லாட்டி பொலிசும் மறிக்கும், தண்டமும் வரும்.

பஞ்சர் விசயம்: இருட்டுப்பட்டால் சைக்கிள் கடையள் பூட்டிப் போடும். ஒட்டுறதுக்கு இருட்டுக்குள்ளை ஓட்டை தேடுறது நடக்காத காரியம். புது ரியூப் ஒண்டு, கை பம்ப் ஒண்டு, 15 இலக்கச் சாவி ஒண்டு. மாத்த கால் மணித்தியாலம் காணும்.

தீவகத்தான்

பின்சில்லு அண்ணை காத்தைப் பற்றி எழுதாமல் விட்டுப் போட்டார். தீவுகளிலை இருந்து பண்ணைப் பாலத்தாலை வாற எங்களுக்குக் காத்துத்தான் எல்லாம். வைகாசி தொட்டுப் புரட்டாதி மட்டும் சோளகம் (தென்மேற்குக் காத்து) பலமாய் வீசும். பின்னேரம் ரவுணுக்கு (நகரத்துக்கு) போகேக்கை முதுகிலை தள்ளும், மிதிக்கவே தேவையில்லை, "இண்டைக்கு நல்லாய்ப் போகுது" எண்டு நினைப்பியள். இரவு திரும்பேக்கை அதே காத்து நெஞ்சிலை. இரண்டு பக்கமும் கடல், ஒதுங்க மரமில்லை. 20 நிமிசத்து ஓட்டம் 40 நிமிசம் எடுக்கும், களைப்பிலை சைக்கிள் அங்கை இங்கை ஆடும், பஸ் உரசிக் கொண்டு போகும். சோளகக் காலத்திலை இரவு மட்ச் எண்டால் சைக்கிளை அல்லைப்பிட்டியிலையோ மண்டைதீவுச் சந்தியிலையோ தெரிஞ்ச வீட்டிலை விட்டிட்டு பஸ்ஸிலை ஏறுங்கோ. மாரியிலை வாடைக் காத்து, அப்ப எல்லாம் மாறி நடக்கும்: போறது கஷ்டம், வாறது சுகம். மழைக்கவசத்தைச் சிறகு மாதிரி விரிய விடாதேங்கோ, காத்துப் பிடிச்சுத் தள்ளும். இடுப்பிலை கட்டுங்கோ.

நயினாதீவு, நெடுந்தீவு ஆக்களுக்கு நான் எழுத ஒண்டுமில்லை. பின்னேர மட்ச் பாத்தால் இரவு ரவுணிலை தங்கல்தான். குறிகட்டுவான் இறங்குதுறையிலை அந்த நேரம் படகு இல்லை.

கிக் ஸ்ராண்ட்

மோட்டார் சைக்கிள். நேரே விசயத்துக்கு வாறன்.

வெளியிலை விடேக்கை முன்சில்லு றோட்டைப் பாக்க விடுங்கோ. பிந்தி வாறவை உங்களுக்குப் பின்னாலை மூண்டு வரிசை விடுவினம், திருப்ப இடம் இருக்காது. மழை பெய்த கிழமை புல்லுத்தரை இளகிக் கிடக்கும், சைட் ஸ்ராண்ட் புதைஞ்சு சைக்கிள் சரியும், ஒண்டு சரிஞ்சால் வரிசையே சரியும். நடு ஸ்ராண்டிலை ஏத்துங்கோ. அது இல்லாத சைக்கிள் எண்டால் தட்டைக் கல் ஒண்டு, இல்லாட்டி நெரிச்ச சோடாத் தகரம், காலுக்குக் கீழை. ஹெல்மெற்றைக் கண்ணாடியிலை கொழுவிப் போட்டுப் போகாதேங்கோ. பின்னாலை இருக்கிறவருக்கும் ஹெல்மெற் கட்டாயம், திரும்பேக்கை ஒண்டு இல்லையெண்டால் ஒராள் நடை. இரண்டையும் பட்டிக்குள்ளாலை சங்கிலி விட்டுப் பூட்டலாம். திறப்பைச் சீற்றிலை மறந்து விட்டிட்டு ஓடுறவை ஒவ்வொரு மட்சுக்கும் ஒராளாவது இருப்பினம், அதையும் பாருங்கோ.

வெண்ட பக்கத்தின்ரை ஊர்வலத்துக்குள்ளை மாட்டுப்படாதேங்கோ. குருநகர்ப் பக்கம் வெண்டால் கடற்கரை வீதிப் பக்கம் அரை மணித்தியாலம் அடைபடும், நாவாந்துறை வெண்டால் அந்தப் பக்கம். வெடியும் ஹோனும் சைலன்சர் கழட்டின சைக்கிளுமாய் இருக்கும். கடைசி விசில் ஊதேக்கை ஆர் வெண்டது எண்டு பாத்து, அவை போற றோட்டுக்கு எதிர்ப்பக்கத்தாலை வெளிக்கிடுங்கோ. சுத்துத்தான், ஆனால் கெதி.

கோண்டாவில் ஸ்ரேசன்

ரயில் ஆக்கள் கொஞ்சம். 2014இலை யாழ்ப்பாணத்துக்கும் 2015 தையிலை காங்கேசன்துறைக்கும் பாதை திரும்பத் திறந்த பிறகு சுன்னாகம், மல்லாகம், தெல்லிப்பழை ஆக்களுக்கு இது ஒரு வழிதான். ஆனால் பின்னேர ரயில் எண்ணிக்கையிலை குறைவு. ஒண்டு தவறினால் அடுத்ததுக்கு நிக்கிறதைவிட காங்கேசன்துறை வீதி பஸ்ஸுக்கு ஓடுறது நல்லம். ஸ்ரேசனிலை இருந்து அரங்குக்கு நடை 20–25 நிமிசம், சின்னப் பிள்ளையளோடை எண்டால் அரை மணித்தியாலம். நேர அட்டவணை மாறிக்கொண்டிருக்கும், போனிலை பழைய படம் வைச்சு நம்பாதேங்கோ. ஸ்ரேசன் பலகையைப் பாருங்கோ.

சங்கச் செயலாளர்

பாக்க வாற ஆக்களைப் பற்றி எல்லாரும் எழுதியாச்சு. விளையாட வாற பிள்ளையளை ஏத்தி இறக்கிறது பற்றி ஒருத்தரும் எழுதேல்லை. அங்கைதான் கூடப் பிழை நடக்குது.

பதினொண்டும் மாற்று வீரர் ஏழும் பதினெட்டு. பயிற்றுநர், முகாமையாளர், முதலுதவி, பந்து பொறுக்கிற பெடியன் எண்டு இருபத்திரண்டு. ஹயஸ் வானிலை 14 பேர் இருக்கலாம், அதிலை 22 பேரை அடைஞ்சு ஒரு மணித்தியாலம் கொண்டு வந்தால் கால் விறைச்சுப் போகும், முதல் பத்து நிமிசம் ஓட ஏலாது. முதல் கோல் வாங்கிறது அந்தப் பத்து நிமிசத்துக்குள்ளைதான். ரோசா பஸ் (சின்ன பஸ்) பிடியுங்கோ. காசு கூட எண்டால் பாக்க வாற ஆறேழு பேரை ஏத்திப் பங்கு போடுங்கோ, ஆனால் முன் சீற்றுகள் வீரருக்கு.

மட்சுக்கு 90 நிமிசம் முதல் வாசலிலை நிக்க வேணும். வீரர் அட்டையும் அடையாள அட்டையும் பாக்க, சப்பாத்தும் ஜேசியும் பாக்க, உடம்பு சூடேத்த எண்டு அந்த நேரம் போகும். அட்டையளை ஒரே பைக்குள்ளை ஒராள் வைச்சிருக்க வேணும். ஒவ்வொருத்தரும் கொண்டு வரட்டும் எண்டு விட்டால் ஒராள் மறப்பார், அவர்தான் நடுக்கள ஆட்டக்காரராய் இருப்பார்.

தண்ணி: ஆளுக்கு 2 லீற்றர், 18 பேருக்கு 36. இருபது லீற்றர்க் கான் இரண்டு போதும். பங்குனி, சித்திரையிலை மூண்டு. ஐஸ் 5 கிலோ, சாக்குக்குள்ளை உமியோடை வைச்சால் நாலு மணித்தியாலம் நிக்கும். மீன் வாடிப் பக்கம் வாங்கிற ஐஸ் உளுக்குக்கும் வீக்கத்துக்கும் மட்டும், தண்ணிக்குள்ளை போடாதேங்கோ.

சாரதியோடை முதலே பேசுங்கோ: மேலதிக நேரம் வந்தால் காத்து நிக்கிற காசு எவ்வளவு எண்டு. பேசாமல் விட்டால் இரவு 8 மணிக்கு வாசலிலை நிண்டு பேரம் பேச வேணும், தோத்த நாளிலை அது நல்ல காட்சி இல்லை. கன்ரர் லொறியிலை பெடியளை நிக்க வைச்சுக் கொண்டு வாறதை விடுங்கோ. பொலிஸ் மறிக்கும் எண்டதுக்காக இல்லை, வளைவிலை பிடிக்க ஒண்டும் இல்லை எண்டதுக்காக.

புல்லுக்குளத்தடி

நன்றி செயலாளர் அண்ணை. ஒரு சந்தேகம் எல்லாரிட்டையும்: விசில் ஊதுறதுக்கு அஞ்சு நிமிசம் முதல் வெளிக்கிடுறதோ, இருந்து வாறதோ?

வல்லைவெளி

முதல். பஸ் ஆக்களுக்கு வேற வழியில்லை.

பின்சில்லு

நான் மாறிச் சொல்லுவன். 2016 ஜூனிலை திருத்தித் திறந்த அரங்கிலை இருக்கை 1,850 மட்டிலைதான். இறுதியாட்டத்துக்கு அதைவிடக் கனக்கச் சனம், மிச்சம் எல்லாம் கயித்தடியிலை நிக்குது. நிக்கிற சனம்தான் முதல் வாசலுக்குப் பாயும், அஞ்சு நிமிசம் முதல் வெளிக்கிட்டாலும் அதுக்குள்ளைதான் போய் விழுவியள். இருக்கையிலையே இருந்து ஒரு கச்சான் சுருள் முடிக்குமட்டும், அதாவது 20 நிமிசம் நில்லுங்கோ. பிறகு வாசல் காலி.

கிக் ஸ்ராண்ட்

சின்னப் பிள்ளையளும் வயசான ஆக்களும் கூட வந்தால் பின்சில்லு சொல்லுறதுதான் சரி. தனி ஆள் எண்டால் வல்லைவெளி. ஓட்டோவை ஆப்பிலை கூப்பிடுறவை அரங்கு வாசலை ஏறுமிடமாய் வைக்காதேங்கோ, அவர் சனத்துக்குள்ளை வந்து சேர முதல் வெறுத்து ரத்துச் செய்வார். 300 மீற்றர் தள்ளி நடந்து போய்ப் பிறகு கூப்பிடுங்கோ. ஆஸ்பத்திரி வாசலடியிலை ஏறவும் வேண்டாம், அம்புலன்ஸ் வாற வழி.

அரியாலை அக்கா

எல்லாரும் துரையப்பாவையே எழுதுறியள். லீக் ஆட்டங்கள் அரியாலை உதைபந்தாட்டப் பயிற்சி நிலைய மைதானத்திலையும் நடக்கிறது. நோட்டீசைச் சரியாய்ப் பாக்காமல் ரவுணிலை வந்து இறங்கினால் திரும்பவும் கண்டி வீதியாலை கிழக்கை வர வேணும், முதல் பாதி போயிடும். சாவகச்சேரி, கொடிகாமம் பக்கத்தாலை வாறவை ரவுண் மட்டும் வரவே தேவையில்லை, அரியாலையிலை இறங்கலாம். இரவிலை அங்கை ஓட்டோ தேடிப் பிடிக்கிறது கஷ்டம். வந்த ஓட்டோக்காரத் தம்பியின்ரை நம்பரை வாங்கி வைச்சு, இரண்டாம் பாதி தொடங்கேக்கை ஒருக்கால் எடுத்துச் சொல்லிப் போடுங்கோ.

தீவகத்தான்

அக்கா, அங்கை சைக்கிள் விட இடம் இருக்கோ?

அரியாலை அக்கா

இருக்குத் தம்பி. சங்கிலி கொண்டு வாங்கோ.