ஏசிஎல்லுக்குக் 'குறுக்கு' வேண்டாம்

வணக்கம்.

முழங்காலுக்குள் தொடையெலும்பையும் கால் முன்னெலும்பையும் பிணைக்கும் நார்தான் ஏசிஎல் (ஆன்டீரியர் குருஷியேட் லிகமெண்ட்). அதற்குத் தமிழில் 'முன்குறுக்குப் பந்தகம்' என்று வைக்கலாம் என்ற பரிந்துரையைப் பார்த்தேன். காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மூட்டு அகநோக்கி (மூட்டுக்குள் விட்டுப் பார்க்கும் கேமராக் குழாய்) வழியாகச் செய்யும் அறுவையை இந்தச் சொல்லை வைத்து எழுதிப் பாருங்கள், இரண்டாவது வரியிலேயே இடறும்.

நிஜமாகவே குறுக்கே ஓடும் நார் ஒன்று பலருடைய முழங்காலில் இருக்கிறது. உள், வெளிப் பிறைக்குருத்தெலும்புகளின் (மெனிஸ்கஸ்) முன்முனைகளை இணைத்தபடி இடவலமாகப் போகும் டிரான்ஸ்வர்ஸ் லிகமெண்ட். ஏசிஎல் கால் முன்னெலும்பில் பதியும் இடத்துக்குச் சற்று முன்னால்தான் அது கிடக்கிறது. 'குறுக்குநார்' என்ற பெயர் நியாயப்படி அதற்குத்தான் சேர வேண்டும். ஏசிஎல், அதற்குப் பின்னாலிருக்கும் ஜோடி நாரான பிசிஎல் இரண்டும் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போகின்றன, அதனால்தான் லத்தீனில் சிலுவைப் பெயர். நாமும் 'சிலுவை' என்றே வைத்துக்கொள்ளலாம். மத வாடை அடிக்குமே என்று யாராவது கேட்பார்கள். கடுகுப் பூவின் இதழ்களைச் 'சிலுவை வடிவம்' என்று தாவரவியலில் எழுதியபோது அடிக்காத வாடை இங்கே மட்டும் ஏன் அடிக்கப்போகிறது?

'லிகமெண்ட்'டுக்குத் 'தசைநார்' என்பதையும் விட்டுவிடுவோம். எலும்பையும் எலும்பையும் பிணைப்பதில் தசைக்கு என்ன வேலை? விளையாட்டுச் செய்திகளில் எது கிழிந்தாலும் தசைநார்தான், அது தனிக்கதை. அறுவைக் குறிப்பில் அப்படி ஓட்ட முடியாது. கிழிந்த ஏசிஎல்லுக்குப் பதிலாகப் பெரும்பாலும் பின்தொடையிலிருந்தோ முழங்கால் சில்லுக்குக் கீழிருந்தோ தசையை எலும்போடு சேர்க்கும் ஒரு டெண்டனைத்தான் எடுத்துப் பொருத்துகிறார்கள். டெண்டன் 'தசைநாண்', லிகமெண்ட் 'பிணைநார்' என்று பிரித்துவிட்டால் அந்த வாக்கியம் குழப்பமில்லாமல் நிற்கும். ஆக, 'முன்சிலுவைப் பிணைநார்'. பேச்சில் 'முன்சிலுவை கிழிஞ்சிருக்கு' என்றாலே போதும்.

அப்புறம், அடையாளம் காணும் விஷயம். சுமார் 4 மி.மீ. தடிமனுள்ள, 30 பாகை சாய்ந்த பார்வையுடைய குழாயை உள்ளே விட்டுத் தொடையெலும்பின் நடுப்பள்ளத்தைப் பார்த்தால், பலருக்கு முதலில் எதிர்ப்படுவது முன்சிலுவை அல்ல. பள்ளத்தின் முகட்டிலிருந்து சில்லுக்குக் கீழுள்ள கொழுப்புத் திண்டுக்கு இறங்கும் ஒரு சவ்வு மடிப்பு. லத்தீன் பெயரில் 'லிகமெண்ட்' ஒட்டிக்கொண்டிருக்கிறதே தவிர, அது எதையும் இழுத்துப் பிடிப்பதில்லை. புதிதாகப் பார்ப்பவர் இதையே முன்சிலுவை என்று நினைத்துவிடக்கூடும். எனவே தமிழில் இதற்கு 'நார்' என்ற பின்னொட்டே கூடாது. 'முன்மடிப்பு' என்று நிறுத்திக்கொள்வோம்.

மடிப்பை ஒதுக்கினால் பின்னால் முன்சிலுவை தெரியும். வெளிப்பக்கத் தொடைக்குமிழின் உட்சுவரில் தொடங்கி முன்னும் கீழுமாக இறங்கும். கொக்கி நுனியுள்ள துழாவுகோலால் மாட்டி இழுத்தால் விறைப்பாக நிற்க வேண்டும். இதில் ஒரு சூது உண்டு: தொடையெலும்புப் பக்கம் அறுந்த முன்சிலுவை சில நேரம் பின்சிலுவையின் (பிசிஎல்) மேல் சாய்ந்து ஒட்டிக்கொள்ளும். முன்னாலிருந்து பார்த்தால் முழு நார் போலவே இருக்கும். அந்தக் காலின் கணுக்காலை மறுகாலின் மேல் தூக்கி வைத்து முழங்காலை வெளிப்பக்கம் சாய்த்துப் பார்த்தால்தான், நார் பதிந்திருக்க வேண்டிய சுவர் மொட்டையாக இருப்பது தெரியும். இந்த அடையாளத்துக்கு 'வெறுஞ்சுவர்' என்பேன். இதைவிடப் பொருத்தமாக எனக்கு எதுவும் தோன்றவில்லை.

அதே சுவரில் ஒரு எலும்பு வரம்பு இருக்கிறது. அதைச் சுவரின் பின்விளிம்பு என்று தவறாக எடுத்துக்கொண்டு, புதிய நாருக்கான துளையை ரொம்ப முன்னால் போட்டுவிடுவது பயிற்சி மருத்துவர்களுக்கு நேரும் பிழை. 'ரெசிடெண்ட்ஸ் ரிட்ஜ்' (பயிற்சி மருத்துவரின் வரம்பு) என்ற ஆங்கிலப் பெயர் அவர்களைத்தான் கிண்டல் செய்கிறது. நமக்கு அந்தக் கிண்டல் வேண்டாம், 'மயக்குவரம்பு' போதுமா? இதில் மட்டும் எனக்கு முழுத் திருப்தி இல்லை. 'ஏய்ப்புமேடு' என்றும் யோசித்தேன், ஆனால் அது மேடு என்று சொல்லும் அளவுக்கு உயரமில்லை. வேறு சொல் இருந்தால் சொல்லுங்கள்.