புழுக்கத்துக்கு எந்தத் துணி ஹிஜாப் ஒத்துவரும்?

அஸ்ஸலாமு அலைக்கும் தோழிகளே. மகள் ஜூன்ல காலேஜ் சேர்றா. காயல்பட்டினத்துல இருந்து தூத்துக்குடிக்குத் தினமும் பஸ். நம்ம கடலோரப் புழுக்கம்தான் தெரியுமே.

இதுவரைக்கும் ஷிஃபான்தான். பார்க்க அழகா விழும், ஆனா அது பாலியஸ்டர். வியர்வையை உறிஞ்சாது, கழுத்தோட ஒட்டிக்கும். வழுக்காம இருக்க உள்ளே ஒரு தொப்பி, மேல நாலு பின். மத்தியானம் தலைவலின்னு வந்து நிக்கிறா. ஜெர்சி பனியன் மாதிரி இழுபடுற துணி, பின் குத்த வேண்டாம், ஆனா கனம். காட்டன் வாயில்னு மெல்லிசான துணி வாங்கினேன், நல்ல காத்தோட்டம். வெளிர் நிறத்துல முடி தெரியுது, இஸ்திரி போடாம கட்டவும் முடியல. விடியக்காலைல யார் இஸ்திரி போடுறது? நான்தான்!

இப்போ மோடலா விஸ்கோஸான்னு குழப்பம். ரெண்டும் மரக்கூழ்ல இருந்து வர்ற இழை, வியர்வையை உறிஞ்சும். தினமும் துவைச்சா எது சுருங்காம, மேல உருண்டை உருண்டையா நூல் திரளாம உழைக்கும்? 180க்கு 70 செ.மீ. நெஞ்சு மறையப் போதுமா, இன்னும் அகலமா வாங்கணுமா?

கட்டிப் பழகினவங்க சொல்லுங்கம்மா. கடைக்காரர் பேச்சைக் கேட்டுத்தான் ஆறு ஷிஃபான் பீரோவுல தூங்குது.