தவிலும் லப்டொப்பும்: பிளாக் மோஷன் பாணியில் இரண்டு பேர் கூட்டு

நல்லூர்_நடை:
வணக்கம். தென்னாபிரிக்காவின்ர பிளாக் மோஷன் மாதிரி இரண்டு பேர் மட்டும் நிக்கிற கூட்டு ஒண்டு தொடங்கிற யோசனை. ஒராள் தவில், மற்றாள் எஃப்எல் ஸ்டூடியோ மென்பொருளும் டீஜே செற்றும். ஆஃப்ரோ ஹவுஸ் எண்ட ஆட்ட இசை, 122 பிபிஎம் (நிமிசத்துக்கு 122 பீற்). தவிலை ட்ராக்குக்கு மேலை போட்டவுடனை எல்லாம் இரைச்சலாகி கிக் (பெரிய ட்ரம்மின்ர அடி) காணாமல் போகுது. வெளியிலை வாசிக்கேக்க தவில் பீற்றுக்குப் பின்னாலை இழுபடுது. அவை இதை எப்படிச் சமாளிச்சவை? கூட்டாக நிலைக்க வேறை என்ன கவனிக்க வேணும்?

மேளச்சமா:
முதலிலை அவையின்ர வழியைப் பாருங்கோ, விடை பாதி அதுக்குள்ளையே இருக்கு. பிளாக் மோஷனைத் தொடங்கின ஸ்மோலும் மேர்டாவும் பிரிட்டோரியாவுக்கு வடக்கை இருக்கிற சொஷாங்குவேயிலை இருந்து வந்தவை. சோத்தோ, ஷங்கான், நுகுனி, வெண்டா எண்ட நாலு இனப்பேரையும் வெட்டி ஒட்டின பேர்தான் அந்த ஊருக்கு. 2011இலை வந்த முதல் அல்பத்தின்ர பேரே ‘டோக்கிங் டு த ட்ரம்ஸ்’. பிறகு 2014இலை ‘ஃபோர்ச்சூன் டெல்லர்’, 2016இலை ‘யா பதிமோ’, 2018இலை ‘மோயா வா தாவோலா’. பதிமோ எண்டால் முன்னோர். மேடையிலை ஸ்மோல் தோல்வாத்தியம், மேர்டா டெக் (டீஜே மேசை) எண்டு பிரிச்சு நிண்டவை. இந்தப் பிரிப்பு முக்கியம். ட்ரம் அவைக்கு ட்ராக்குக்கு மேலை தூவுற அலங்காரம் இல்லை, ட்ரம்முக்கு எண்டு ட்ராக்கிலை இடம் விட்டிருக்கும்.

நீங்கள் செய்யிற பிழை, முழுசாக முடிஞ்ச ட்ராக்குக்கு மேலை தவில் வைக்கிறது. கொங்கா, ஷேக்கர், கிளாப் எல்லாம் ஏற்கெனவே நிறைஞ்சிருக்க தவிலுக்கு இடம் எங்கை? மேடைக்கெண்டு தனி வேர்ஷன் ஒண்டு எக்ஸ்போர்ட் பண்ணுங்கோ: கிக், பேஸ், கோர்ட், குரல், ஒரு ஹைஹட். மிச்சத் தாளக்கருவி முழுக்க மியூட். முதல் 32 பாரிலை (ஒரு பார் 4 பீற்) குரலும் வேண்டாம்.

தவிலுக்கு இரண்டு மைக். வலந்தலைக்கு (விரலாலை வாசிக்கிற பக்கம்) ஒண்டு, தொப்பிக்கு (கழியாலை அடிக்கிற பக்கம்) ஒண்டு, எஸ்எம்57 மாதிரி டைனமிக் போதும். தோலிலை இருந்து 15 சென்ரிமீற்றர். விரலிலை போடுற கூட்டின்ர அடி கூர்மையானது, அதனாலை வலந்தலை மைக்கை நேராகக் குத்தாமல் 30 பாகை சரிச்சு வையுங்கோ. உச்ச அடி மைனஸ் 10 டெசிபலைத் தாண்டக் கூடாது.

கனபேர் கோட்டை விடுற இடம் போலாரிற்றி, அதாவது ஒலி அலையின்ர தள்ளு-இழு திசை. தொப்பியிலை கழி விழேக்க அந்தத் தோல் உள்ளுக்குப் போகும், உள்ளே இருக்கிற காத்து வலந்தலையை வெளியாலை தள்ளும். ஒரு மைக் இழுவை எண்டு பதிய மற்றது தள்ளு எண்டு பதியும். இரண்டையும் சேத்தால் கனம் ஒண்டையொண்டு தின்னும். ஒரு சனலிலை போலாரிற்றி பட்டனை அமத்திப் பாருங்கோ. எந்த நிலையிலை தொப்பி பெருக்குதோ அதுதான் சரி. இதைப் பாக்காமல் ஈக்யூவாலை (ஒலியின்ர கனம், கூர்மையைக் கூட்டிக் குறைக்கிறது) கனம் கூட்டினால் இரைச்சல்தான் கூடும்.

அதுக்குப் பிறகு தொப்பிச் சனலிலை 90 ஹேர்ட்ஸுக்குக் கீழை வெட்டுங்கோ, 50–60 கிக்கின்ர இடம். கிக்காலை தொப்பியை சைட்செயின் பண்ணி, அதாவது கிக் விழுற நேரமெல்லாம் தொப்பியை 3 டெசிபல் இறக்கினால் காணும். வலந்தலை ஹைஹட்டோடை அடிபட்டால் 3 கிலோஹேர்ட்ஸிலை 2 டெசிபல் குறையுங்கோ. அதுக்கு மேலை வெட்டினால் அந்த ‘நம்’ எண்ட நாதம் செத்துப் போகும், பிறகு தவில் எதுக்கு?

தாளம்: ஆதி தாளத்திலை ஒரு ஆவர்த்தனம் (ஒரு சுற்று) 8 பீற், அதாவது 2 பார். பீற்றுக்கு 4 மாத்திரை எண்டால் 32. பிரேக் (பாட்டு அடங்கிற பகுதி) முடியிற கடைசி 2 பாரிலை கிக்கை நிப்பாட்டிப் போட்டு தீர்மானம் (மூண்டு தரம் வாசிச்சு முடிக்கிற சொற்கட்டு) வையுங்கோ: ‘தக தகிட ததிங்கிணதொம்’ 10 மாத்திரை, மூண்டு தரம், இடையிலை ஒவ்வொரு மாத்திரை கார்வை (இடைவெளி) இரண்டு. 30 + 2 = 32. அடுத்த சமத்திலை (ஆவர்த்தனத்தின்ர முதல் பீற்) கிக்கும் பேஸும் விழட்டும். டீஜேமார் ‘ட்ரொப்’ எண்டு தேடுறதைத் தவில்காரர் கோயில் வீதியிலை எப்பவோ கணக்குப் போட்டு வைச்சிட்டினம். பதிஞ்ச தவிலை முழுக்கக் குவான்ரைஸ் (அடியெல்லாத்தையும் கணினியின்ர நேரக்கட்டத்துக்கு இழுக்கிறது) பண்ணாதேங்கோ. சமத்திலை விழுற அடியை மட்டும் கிரிட்டிலை வைச்சிட்டு மிச்சத்தை அப்படியே விடுங்கோ.

மேடைவயர்:
இழுபடுறதுக்கு வாசிக்கிற ஆளைக் குறை சொல்லாதேங்கோ, தூரம்தான் காரணம். எங்கடை சூட்டிலை சத்தம் செக்கனுக்கு 349 மீற்றர் போகும். முன் ஸ்பீக்கர் பொக்ஸ் 10 மீற்றர் தள்ளி இருந்தால் தவில்காரருக்கு 29 மில்லிசெக்கன் பிந்திக் கேக்கும். 122இலை ஒரு மாத்திரையே 123 மில்லிசெக்கன். அதிலை கால்வாசி பிந்தினால் சனத்துக்கு இரட்டை அடியாக் கேக்கும். வடத்திலை கட்டின ஹெட்ஃபோனோ இன்இயரோ குடுங்கோ, அல்லது ஒரு மொனிற்றர் ஸ்பீக்கரைக் காலடியிலை 1 மீற்றரிலை வையுங்கோ. மொனிற்றருக்கு கிக்கும் ஹைஹட்டும் மட்டும் போதும். புளூடூத் எண்ட கதையே வேண்டாம்.

தவில் மைக்கை லப்டொப்புக்குள்ளாலை எடுக்கிறியள் எண்டால் இன்னொரு பிந்தல் சேரும். 48 கிலோஹேர்ட்ஸிலை பஃபர் (லப்டொப் ஒரு முறைக்குச் சேத்து வைக்கிற ஒலித் துண்டு) 512 எண்டால் ஒரு வழிக்கு 10.7, 128 எண்டால் 2.7 மில்லிசெக்கன். மைக்கை நேரே மிக்சருக்குக் குடுத்திட்டால் இந்தப் பிரச்சினையே இல்லை, அதைத்தான் செய்யுங்கோ.

ஜெனரேற்றரிலை ‘ம்ம்ம்’ எண்டு இரைஞ்சால் லப்டொப்புக்கும் மிக்சருக்கும் நடுவிலை டிஐ பொக்ஸ் (சிக்னலை மாத்திக் குடுக்கிற சின்னப் பெட்டி) போட்டு அதிலை இருக்கிற கிரவுண்ட் லிஃப்ட் பட்டனை அமத்துங்கோ. பிளக்கிலை எர்த் பின்னைக் கழட்டுறவை இருக்கினம், அது ஆளைக் கொல்லும் வேலை.

கார்த்திகை மழை ஈரத்திலை தோல் தொய்ஞ்சு சுருதி இறங்கும். பின்னேரம் சவுண்ட் செக் பண்ணின சுருதி இரவு பத்துக்கு இராது, மேடை ஏறமுதல் தோலை இழுத்துக் கட்டின வாரைத் திரும்பப் பாருங்கோ.

நல்லூர்_நடை:
மிச்ச நன்றி. மிஸ்ர சாப்பு (7 எண்ணிக்கைத் தாளம்) வைக்கலாமோ? கிக்கோடை ஒட்டாதே?

மேளச்சமா:
ஒட்டும். அரைப் பீற்றாக எண்ணினால் சாப்பு 7, ஒரு பார் 8. இரண்டும் சேருறது 56இலை, அதாவது 7 பார். ஹவுஸ் 8 பாராக நடக்கிறபடியால் 1 பார் மிஞ்சும். அந்த 16 மாத்திரைக்கு ‘தகதிமி’ மூண்டு தரம், இடையிலை 2 மாத்திரை கார்வை இரண்டு: 12 + 4. கிக் முழு நேரமும் மாறாமல் நிக்க வேணும், தவில் மட்டும் நகரட்டும். ஒரு பாட்டிலை ஒருக்கால் போதும், அடிக்கடி செய்தால் ஆடுற சனத்தின்ர கால் தடுமாறும்.

உரிமைப்பங்கு:
தொழில் பக்கத்தை ஒருத்தரும் தொடேல்லை. பாட்டுக்கு உரிமை இரண்டு: ஒலிப்பதிவு, இயற்றினது. இரண்டுக்கும் யாருக்கு எத்தினை வீதம் எண்டு பதிவு முடியிற அண்டைக்கே எழுதி, தேதி போட்டு, இரண்டு பேரும் கையெழுத்து வையுங்கோ. தவில் சொல்லைக் கட்டினவருக்கு இயற்றினதிலை பங்கு உண்டு, அவரைக் கூலிக்கு வாசிச்சவராக்கிப் போடாதேங்கோ. டிஸ்ரிபியூட்டருக்குக் (பாட்டை இணையத் தளங்களுக்கு அனுப்புற நிறுவனம்) குடுக்கேக்க ஒவ்வொரு ட்ராக்குக்கும் ஐஎஸ்ஆர்சி எண்ட ஒலிப்பதிவு அடையாள இலக்கம் வரும், ரீமிக்ஸுக்கு வேறை இலக்கம். இலங்கையிலை இருக்கிற வங்கிக் கணக்குக்கு நேரே காசு அனுப்புவினமோ எண்டு சேர முதலே பாருங்கோ.

புரொஜெக்ட் ஃபைலை ஒவ்வொரு நாளும் புதுப் பேரிலை சேவ் பண்ணி வையுங்கோ. தென்னாபிரிக்காவின்ர டேர்பன் நகரத்துக் கூட்டு டிஸ்ட்ரக்‌ஷன் பாய்ஸ் 2017இலை ‘ஒமுன்யே’ எண்ட பாட்டை விட்டபோது, அது தன்ர பாட்டிலை இருந்து எடுத்தது எண்டு டீஜே லாக் உரிமை கோரினவர். அப்படி ஒரு பிணக்கு வந்தால் கையிலை இருக்கிற சாட்சி அந்த ஃபைல்கள்தான்.

கூட்டுப் பேர் யாருக்கு எண்டதையும் அதே தாளிலை எழுதுங்கோ. மேர்டா பிரிஞ்சு ‘மோர்டா’ எண்டு தனியாகப் பாட்டு விடத் தொடங்க, பிளாக் மோஷன் எண்ட பேர் ஸ்மோலோடை தொடர்ந்தது. ஒராள் விலகினால் பேர், சனல், பக்கத்தின்ர பாஸ்வேட், பழைய பாட்டின்ர வருமானம் நாலும் யாரிட்டை எண்டு நாலு வரி போதும். டிஸ்ரிபியூட்டர் கணக்கை ஒராளின்ர சொந்த மின்னஞ்சலிலை திறவாதேங்கோ, கூட்டுக்கெண்டு புது மின்னஞ்சல் ஒண்டு எடுங்கோ.