வைட்டமின் டி-க்கு வெயில்: எந்த நேரம், எவ்வளவு நேரம்?

காலை ஆறரை மணி இளவெயிலில் தினமும் நடந்தும் டி ஏறவில்லை என்று வருபவர்கள் நிறைய. குறை அவர்களிடம் இல்லை, வெயிலின் சாய்வில் இருக்கிறது. தோலில் டி உண்டாக யுவி-பி வேண்டும், அதாவது 290 முதல் 315 நானோமீட்டர் வரை அலைநீளமுள்ள புற ஊதாக் கதிர். சூரியன் தாழ்ந்திருக்கும்போது அது காற்றில் நெடுந்தூரம் கடந்து வருவதால் ஓசோன் பெரும்பகுதியை விழுங்கிவிடும். வெளிச்சமும் சூடும் மட்டும்தான் நம்மிடம் வந்து சேரும்.

நிழலைப் பாருங்கள். அது உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருந்தால்தான் அந்த வெயிலால் பயன். சென்னையில் ஏப்ரலில் ஒன்பதேகாலுக்கே சுருங்கிவிடும். டிசம்பரில் பத்தேகாலுக்கு மேல், இரண்டு மணிக்குள்.

———

நிழல் கணக்கு சரி சார். எவ்வளவு தோல் வெயிலில் படுகிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். முழுக்கை போட்டுக்கொண்டு நின்றால் முகமும் புறங்கையும்தான் மிச்சம், அது போதாது. சட்டைக் கையை மேலே வரை சுருட்டி, முழங்காலுக்குக் கீழே திறந்துவிடுங்கள். முகத்துக்குத் தொப்பி இருக்கட்டும். ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் உட்காருவது வீண். கண்ணாடி யுவி-பியைத் தடுத்து, தோலைக் கறுக்க வைக்கும் யுவி-ஏவை உள்ளே விடும்.

முதல் வாரம் 10 நிமிடம், பிறகு 15, 20. வாரத்தில் மூன்று நாள். நம் நிறத்தில் தோல் சிவப்பது கண்ணுக்குத் தெரியாது. இரவு குளிக்கும்போது தண்ணீர் பட்டு எரிந்தால் அளவு மீறிவிட்டது, அடுத்த முறை பாதியாகக் குறையுங்கள். கூடுதலாக நின்றாலும் லாபமில்லை. ஓர் அளவுக்கு மேல் உருவாவதை அதே வெயிலே லூமிஸ்டெரால், டாக்கிஸ்டெரால் என்று டி-க்கு உதவாத பொருள்களாக மாற்றிவிடும். டாக்ஸிசைக்ளின் (ஆன்டிபயாடிக்), ஹைட்ரோகுளோரோதயசைடு (ரத்த அழுத்த மாத்திரை) போன்ற, தோலை வெயில் எளிதில் சுடச் செய்யும் மருந்துகளைச் சாப்பிடுபவர்கள் டாக்டரைக் கேட்காமல் வெயிலில் நிற்க வேண்டாம்.

———

வெயிலுக்குப் பதிலாக யுவி விளக்கு வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: கிருமி கொல்லும் 254 நானோமீட்டர் குழல்விளக்கைத் தயவுசெய்து தோலில் காட்டாதீர்கள். அது யுவி-சி என்ற வேறு வகைக் கதிர். சில நிமிடங்களிலேயே கண்ணைப் புண்ணாக்கும். மணல் விழுந்ததுபோல் உறுத்தல் தொடங்குவது சில மணி நேரம் கழித்துத்தான் என்பதால் காரணமே பிடிபடாது. தோலைக் கறுப்பாக்கும் படுக்கைகள் பெரும்பாலும் யுவி-ஏ. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 2009-லேயே அவற்றைப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று வகைப்படுத்திவிட்டது. சோரியாசிஸ் என்ற தோல் நோய்க்குத் தரும் 311 நானோமீட்டர் யுவி-பி சிகிச்சையில் டி கூடுவது உண்மை. ஆனால் அது அளவு பார்த்து, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டு மருத்துவமனையில் தருவது. நலமாக இருப்பவருக்கு அது தேவையே இல்லை.

லண்டனில் இருப்பவர்கள் அக்டோபர் முதல் மார்ச் வரை வெயிலை நம்ப வேண்டாம். அங்கே தினமும் 10 மைக்ரோகிராம், அதாவது 400 யூனிட் மாத்திரைதான் வழி.

———

ரத்தத்தில் பார்க்க வேண்டியது 25-ஹைட்ராக்ஸி வைட்டமின் டி, அதாவது ரத்தத்தில் சுற்றிவரும் டி-யின் வடிவம். ஒரு மில்லிலிட்டருக்கு 20 நானோகிராமுக்குக் கீழே என்றால் குறைபாடு. இரண்டு வாரத்தில் மறுபடி எடுப்பது காசுக்குக் கேடு, மூன்று மாதம் விடுங்கள். 60,000 யூனிட் பொடி பாக்கெட் எழுதித் தந்திருந்தால் வாரம் ஒன்றா, தினம் ஒன்றா என்று மருந்துக் கடையில் இரண்டு முறை கேளுங்கள். வாரத்துக்கு உரியதைத் தினமும் கரைத்துக் குடித்து, கால்சியம் ஏறி, வாந்தியும் தீராத தாகமுமாக வருகிறவர்கள் இருக்கிறார்கள். வெயிலால் அப்படி ஆகாது.